பேஸ் கிட்டாரில் விரல் மீட்டு: வலக்கையின் நலம் குறித்த ஓர் ஆய்வு

தமிழ்த் திரையிசையிலும் மெல்லிசை மேடைகளிலும் தேவாலயப் பாடற்குழுக்களிலும் ஏறத்தாழ அரை நூற்றாண்டாகத் தாழ்சுரங்களின் பொறுப்பை ஏற்றிருக்கும் பேஸ் கிட்டார், கேட்போரின் கவனத்துக்கு எளிதில் வராத கருவியாகையால், அதை வாசிக்கும் கைக்கு நேரும் தேய்மானமும் பேச்சுக்கு வருவதில்லை. லியோ ஃபெண்டர் 1951-இல் சந்தைக்குக் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸ் வகுத்த அளவே இன்றும் பெருவழக்காக உள்ளது: நான்கு தந்திகள், தந்தியின் அதிரும் நீளம் 34 அங்குலம், ஒவ்வொரு தந்தியிலும் ஏறத்தாழ 18 முதல் 23 கிலோ வரையிலான இழுவிசை. இத்தந்திகளைப் பிக் எனப்படும் தகட்டுத் துண்டால் தட்டலாம். கட்டைவிரலின் பக்கத்தால் அறைந்து வாசிக்கும் ஸ்லாப் முறையும் உண்டு. ஆனால் சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவற்றின் சதைப்பகுதியால் மாறிமாறி இழுத்து விடும் விரல் மீட்டே பெரும்பாலான வாசிப்புக்கு அடிப்படையாதலால், இக்கட்டுரை அதனையும் அதைச் செய்யும் வலக்கையையும் மட்டுமே எடுத்துக்கொள்கிறது.

விரல் மீட்டை வலியின்றி வாசிப்பது எப்படி என்ற கேள்விக்குக் கிடைக்கும் விடைகள் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. கட்டைவிரலை, தந்தியின் அதிர்வை மின்சைகையாக்கும் பிக்கப்பின் மேல் ஊன்றிவைக்க வேண்டும் என்பவரும், அதைத் தந்திகளின் மேல் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும் என்பவரும், விரல் இரண்டு போதும் என்பவரும், மூன்று வேண்டும் என்பவரும் ஆளுக்கொரு முறையைக் காயத்துக்கு மருந்தாக முன்வைக்கின்றனர். இவ்விவாதங்களில் கையின் தோற்றத்துக்குக் கிடைக்கும் இடம், கை செலவிடும் விசைக்குக் கிடைப்பதில்லை. உண்மையில் ஒரு மீட்டின் விசையும் அது திரும்ப நிகழும் எண்ணிக்கையும் பெருகியே சுமையாகின்றன. தோற்றம் பற்றிய விதிகள் அச்சுமையைக் குறைக்கும் அளவுக்குத்தான் பயனுடையவை.

எண்ணிக்கையின் அளவைச் சிறு கணக்கு காட்டும். நிமிடத்துக்கு 120 தட்டுகள் கொண்ட நடையில் தட்டுக்கு இரண்டு சுரம் வீதம் வாசித்தால் நிமிடத்துக்கு 240 மீட்டுகள், நான்கு நிமிடப் பாடலுக்கு 960, அத்தகைய 25 பாடல்கள் கொண்ட கச்சேரிக்கு 24,000 ஆகும். இளையராஜாவின் பதிவுகளில் சசிதரனும், ஏ. ஆர். ரகுமானின் பதிவுகளிலும் மேடைகளிலும் கீத் பீட்டர்ஸும் வாசித்த பேஸ் பகுதிகளை இன்று திருவண்ணாமலை வட்டாரத்தின் ஆரணியிலோ போளூரிலோ செங்கத்திலோ ஓர் அம்மன் திருவிழா மேடையில் வாசிக்கும் கலைஞர், பதிவுக்கூடத்தில் இடைவேளை விட்டு உருவான அப்பகுதிகளை ஒரே இரவில் அடுத்தடுத்து வாசிக்கிறார் என்பதை இக்கணக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பாடலின் சுரங்களைக் குறைக்க அவருக்கு உரிமையில்லை. ஆகவே எண்ணிக்கையில் கைவைக்க முடியாதவர், விசையில்தான் கைவைக்க முடியும்.

திரும்பத் திரும்ப விழும் மிதமான விசை திசுவை எவ்வாறு சிதைக்கிறது என்ற அறிவுக்குத் திருவண்ணாமலையை ஒட்டிய வேலூருக்கு நெருங்கிய தொடர்புண்டு. கொல்லிமலையில் 1914-இல் பிறந்து, 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன கைகளின் தசைநாண்களை இடம்மாற்றித் தைத்து மீண்டும் இயங்கச் செய்தவர். உணர்விழந்த கைகால்களில் புண் தோன்றுவதற்கு ஒரே முறை விழும் பேரடியோ நோய்க்கிருமியோ மட்டும் காரணமல்ல என்பதும், ஒவ்வொரு முறையும் தீங்கற்றதாகத் தோன்றும் அழுத்தம் ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கில் விழுவதே பெரும்பான்மையான புண்களுக்குக் காரணம் என்பதும் அவர் பிற்காலத்தில் அமெரிக்காவில் ஆய்வுகளால் நிறுவிய முடிவுகளாகும். வலியை உணரும் மனிதர் அழுத்தம் மிகும்போது தம்மையறியாமல் நடையையோ பிடியையோ மாற்றிக்கொள்கிறார், உணராதவர் மாற்றுவதில்லை. கையின் இயக்கவியல் பற்றி அவர் 1985-இல் வெளியிட்ட நூல், கை மருத்துவர்களின் அடிப்படை நூல்களுள் ஒன்றாயிற்று. இசைக்கலைஞர்களுக்காக அவர் எழுதவில்லை என்றாலும், வலியைப் பொறுத்துக்கொண்டு கச்சேரியை முடிப்பதே தொழில் நேர்மை என்று எண்ணும் வாசிப்பாளர், தொழுநோயாளி இழந்துவிட்ட எச்சரிக்கையைத் தாமே முன்வந்து புறக்கணிக்கிறார் என்று கொள்வதற்கு அவருடைய ஆய்வு இடந்தருகிறது.

விரலை மடக்கும் வலிமையான தசைகள் விரலில் இல்லை. அவை முழங்கைக்குக் கீழே முன்கையில் உள்ளன. அங்கிருந்து தசைநாண்கள், அதாவது தசையை எலும்போடு பிணைக்கும் உறுதியான கயிறுகள், மணிக்கட்டைக் கடந்து விரல்களுக்குச் செல்கின்றன. மணிக்கட்டின் உட்புறத்தில் எலும்புகளுக்கும் ஒரு தடித்த பட்டைக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய வழியில் ஒன்பது மடக்கு தசைநாண்களும், கட்டைவிரல் முதல் மோதிரவிரலின் பாதி வரை உணர்வு தரும் நடுநரம்பும் நெருக்கியடித்துச் செல்கின்றன. மணிக்கட்டு உள்நோக்கி மடங்கும்போது இவ்வழியின் உள்ளழுத்தம் உயர்கிறது. மடங்கிய நிலையிலேயே விரல்களும் வேகமாக இயங்கினால் தசைநாண்கள் வளைவின் மேல் உராய்ந்து செல்கின்றன. மேலும், மணிக்கட்டு மடங்கிய நிலையில் மடக்கு தசைகள் முன்பே சுருங்கிவிடுவதால் அதே விசையைத் தர அவை கூடுதலாக உழைக்க நேரிடுகிறது. மணிக்கட்டை ஏறக்குறைய நேராக வைக்கவேண்டும் என்ற அறிவுரையில் ஆசிரியர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லாததற்குக் காரணம் இந்த உடற்கூறே.

ஆயினும் மணிக்கட்டின் கோணத்தைத் தீர்மானிப்பது மணிக்கட்டு அன்று. தோள்வார் எனப்படும் ஸ்ட்ராப்பின் நீளமும், கருவியின் உடலில் முன்கை எங்கே படிகிறது என்பதும்தான். ராக் இசைக் கலைஞர்களைப் பார்த்துக் கருவியைத் தொடைவரை தொங்கவிடுபவருக்கு இடக்கை மணிக்கட்டு மிகையாக வளைகிறது. வலக்கைக்கோ, முன்கையைக் கருவியின் மேல்விளிம்பில் ஊன்றி விரல்களைக் கீழ்நோக்கித் தொங்கவிட்டால் மணிக்கட்டு செங்கோணத்தை நெருங்குகிறது. உட்கார்ந்து பயிலும்போது கருவி இருக்கும் உயரத்திலேயே நின்று வாசிக்கும்போதும் இருக்குமாறு வாரைச் சுருக்குவது, இத்துறையில் செலவின்றிச் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள திருத்தம். முன்கை அழுந்தும் விளிம்பு கூர்மையாக இருந்தால் அது தனித் தொல்லை. கருவியின் எடை பெரும்பாலும் நான்கு கிலோவை ஒட்டியிருப்பதால், அகலமான வார் தோளுக்கு உதவும் என்பதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

கட்டைவிரலைப் பற்றிய சர்ச்சை இதைவிடச் சூடானது. பிக்கப்பின் மேலோ தாழ்ந்த ஈ தந்தியின் மேலோ கட்டைவிரலை ஊன்றும் முறையில் கைக்கு நிலையான புள்ளி கிடைக்கிறது; ஆனால் ஊன்றிய இடம் மாறாமல், விரல்கள் மட்டும் ஈ தந்தியிலிருந்து ஜி தந்திவரை எட்ட வேண்டியிருப்பதால், ஒரு முனையில் விரல்கள் சுருண்டும் மறுமுனையில் நீண்டும் வேலை செய்கின்றன. மிதக்கும் கட்டைவிரல் முறையில், விரல்கள் உயர்ந்த தந்திகளுக்குச் செல்லச்செல்லக் கட்டைவிரலும் கையோடு நகர்ந்து, வாசிக்கப்படாத தந்திகளின் மேல் படிந்து அவற்றின் அதிர்வையும் அடக்குகிறது. ஐந்து, ஆறு தந்திக் கருவிகளுக்குப் பின்னதே ஏற்றது என்பதில் ஐயமில்லை. நான்கு தந்திக் கருவியில், ஊன்றும் இடத்தைப் பிக்கப்பிலிருந்து ஈ தந்திக்கும் அங்கிருந்து ஏ தந்திக்கும் மாற்றிக்கொள்ளும் இடைவழியே போதுமானது. இரு முறைகளிலும் கவனிக்க வேண்டியது, கட்டைவிரல் படிந்திருக்கிறதா, அழுத்துகிறதா என்பதே. பிக்கப்பின் விளிம்பை இரவு முழுவதும் அழுத்திப் பிடிக்கும் கட்டைவிரல், தன் அடிமூட்டுக்கும் மணிக்கட்டின் பக்கவாட்டிலுள்ள தசைநாண் உறைக்கும் தானே நோய் தேடித் தருகிறது.

விரல்களின் எண்ணிக்கையைப் பொறுத்தவரை வரலாறு எந்த விதிக்கும் கட்டுப்படவில்லை. டெட்ராய்டின் மோட்டவுன் நிறுவனப் பதிவுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் (1936–1983), தடித்த தந்திகள் உயரமாக நின்ற கருவியில் வலக்கையின் சுட்டுவிரல் ஒன்றாலேயே அப்பகுதிகளை மீட்டினார். ஜாக்கோ பாஸ்டோரியஸ் (1951–1987) இரு விரல்களையும், கேரி வில்லிஸ் மூன்று விரல்களையும் கையாண்டனர். ஜேமர்சனைச் சான்றாகக் காட்டி வன்மையான மீட்டை நியாயப்படுத்துவது தவறான வாதம். இரட்டைப் பேஸ் வாசித்துப் பல ஆண்டுகள் பழகிய கை அவருடையது, அவர் வாசித்ததோ கருவி நேரடியாகப் பதிவு மேசையோடு இணைக்கப்பட்ட பதிவுக்கூடத்தில். உடற்கூற்றைக் கொண்டு பார்த்தால் சுட்டுவிரலும் நடுவிரலும் மாறிமாறி உழைப்பதால் ஒவ்வொன்றின் சுமையும் பாதியாகிறது. மோதிரவிரலைச் சேர்ப்பது சுமையை மேலும் பகிரும் என்றாலும், நடு, மோதிர, சிறு விரல்களின் ஆழமடக்கு தசை பெரும்பாலும் ஒரே தசைத் தொகுதியாயிருப்பதாலும், நீட்டு தசைநாண்கள் புறங்கையில் இணைப்புகளால் பிணைந்திருப்பதாலும் அவ்விரல் தனித்து இயங்கப் பழகுவதற்கு நெடுங்காலம் பிடிக்கும். வலி வந்த பின் அதைத் தவிர்க்க அவசரமாக மூன்றாம் விரலைப் பழகுவது புதிய வலிக்கே வழி. உயர்ந்த தந்தியிலிருந்து தாழ்ந்த தந்திக்கு இறங்கும்போது அதே விரலை வழித்தபடி அடுத்த தந்தியில் விழவிடும் சிக்கனமான உத்தி எல்லா முறைக்கும் பொருந்தும்.

மீட்டு எந்த மூட்டிலிருந்து எழுகிறது என்பது மேலும் முக்கியமானது. விரல் உள்ளங்கையோடு சேரும் அடிமூட்டிலிருந்து எழும் அசைவில் கையின் உட்தசைகளும் பங்கேற்கின்றன. நுனி மூட்டுகளைக் கொக்கிபோல் வளைத்துத் தந்தியைப் பறிக்கும் அசைவில் முன்கைத் தசைகளே எல்லாவற்றையும் சுமக்கின்றன. அடிமூட்டிலிருந்து வீசப்பட்ட விரல், தந்தியைக் கடந்து அடுத்த தந்தியின் மேல் சாய்ந்து நிற்குமானால் அது ஊன்று மீட்டு. அங்கே தசை தளர ஒரு கணம் கிடைக்கிறது. விரல் நுனியின் சதை தந்திக்குக் கீழே எவ்வளவு ஆழம் நுழைகிறது என்பதும் விசையைத் தீர்மானிக்கும். கேரி வில்லிஸ் தம் கருவியில் தந்திகளுக்கு அடியில் ஒரு மரப்பலகையைப் பொருத்தி, விரல் ஆழமாக நுழையாதபடி தடுத்துக்கொண்டவர். ஒலிபெருக்கியை உயர்த்தி விரலைத் தணிக்க வேண்டும் என்பது அவருடைய போதனையின் மையம். ஒலிக்கு மின்சாரம் பொறுப்பேற்கும் கருவியில் தசையும் அப்பொறுப்பைச் சுமப்பது வீண் என்ற இக்கருத்தே, இத்துறையில் சொல்லப்பட்டவற்றுள் மிகுந்த பயனுடையது என்று கொள்ளலாம்.

மீட்டும் இடத்துக்கும் விசைக்கும் உள்ள உறவு கணக்குக்கு அடங்குவது. தந்தியின் மொத்த நீளத்தில் பத்தில் ஒரு பங்கு தொலைவில், அதாவது கருவியின் உடலில் தந்திகளைத் தாங்கும் பாலத்திலிருந்து மூன்றரை அங்குலத்துக்குள், மீட்டுவதற்குத் தேவைப்படும் விசை, நான்கில் ஒரு பங்கு தொலைவில் அதே அளவு தந்தியை விலக்கத் தேவைப்படுவதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. பாலத்தருகே ஒலி தெளிவாகவும் கூர்மையாகவும் கிடைப்பதால் வேகமான பகுதிகளை அங்கே வாசிப்பதில் தவறில்லை. இரவு முழுவதும் அங்கேயே கையை நிறுத்துவதுதான் தவறு. தந்தி மெட்டுகளுக்கு மேல் நிற்கும் உயரத்தைக் குறைப்பதும், மெல்லிய தந்திகளைக் கட்டுவதும், 34 அங்குலத்துக்குப் பதில் 30 அங்குல நீளமுள்ள கருவியைத் தேர்வதும் இதே வழியில் உதவுபவை.

விரலால் மீட்டும் கலை தமிழகத்துக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் கானல்வரியில் யாழ் இசைக்கும் கைத்தொழில்கள் பெயர்பெற்றுள்ளன. அவற்றுள் வார்தல் என்பது சுட்டுவிரலின் தொழில் என்றும், வடித்தல் என்பது சுட்டுவிரலும் பெருவிரலும் கூடிச் செய்வது என்றும் பழைய உரை விரல்வாரியாகப் பிரித்துரைக்கிறது. இன்றைய வீணையில் சுட்டுவிரலும் நடுவிரலும் வாசிப்புத் தந்திகளை மீட்ட, சிறுவிரல் தாளத் தந்திகளைத் தொடுகிறது. முன்கை குடத்தின் விளிம்பில் படிகிறது. வளையக் கம்பியை விரலில் மாட்டி மீட்டுவோர் மிகுதி என்றாலும், வீணை தனம்மாள் (1867–1938) வெறும் விரலால் மெல்ல மீட்டியதற்காகவே போற்றப்பட்டவர். ஒலிபெருக்கி இல்லாத சிற்றறையில், கேட்போர் அமைதி காத்ததால் அந்த மென்மை இயன்றது. ஆனால் வீணையின் பாடத்தைப் பேஸ் கிட்டாருக்கு அப்படியே மாற்ற இயலாது. திருவண்ணாமலைத் தலத்தின்மேல் அருணாசலநாதம் என்ற சாரங்க இராகக் கிருதியை இயற்றிய முத்துசுவாமி தீட்சிதர் தாமே வீணைக் கலைஞர். அவருடைய கிருதிகளின் விளம்பகால நடையில், சாகித்திய எழுத்து விழும் இடத்தில் ஒரு மீட்டு விழுந்தபின் இடக்கை தந்தியை இழுத்து எழுப்பும் கமகங்களே சுரங்களை நிரப்புகின்றன. அதனால் வலக்கைக்கு ஓய்வு இசையிலேயே அமைந்துவிடுகிறது. பேஸ் கிட்டாரில் ஒவ்வொரு சுரத்துக்கும் பெரும்பாலும் ஒரு மீட்டு வேண்டும். இடக்கை விரலைத் தட்டியும் இழுத்தும் சில சுரங்களை மீட்டின்றி எழுப்பும் உத்திகளைப் பேஸ் கலைஞர்கள் பெரும்பாலும் அழகுக்காகப் பயன்படுத்துகின்றனர். வலக்கைக்கு ஓய்வு தரும் வழியாகவும் அவற்றைக் கருதலாம்.

இவ்வளவு அறிந்தவரும் மேடையில் விரலை வன்மையாகப் பாய்ச்சுவதற்குக் காரணம், தம் ஒலி தமக்கே கேட்காமைதான். ஈ தந்தியின் அடிப்படை அதிர்வு நொடிக்கு 41. காற்றில் அதன் அலைநீளம் எட்டு மீட்டருக்கும் மேல். சுவர்களில்லாத திறந்தவெளியில் இத்தாழ்சுரங்கள் எதிரொலித்துத் திரும்புவதில்லை. கலைஞரின் காலடியில் வைக்கப்படும் சிறிய மானிட்டர் பெட்டிகளால் அவற்றை முழுமையாக எழுப்பவும் முடியாது. கருவியை நேரே ஒலிக்கலவை மேசையோடு இணைத்துவிடும் வழக்கத்தில் பேஸுக்கென்று தனிப் பெருக்கியும் மேடையில் இருப்பதில்லை. பார்வையாளர் பக்கத்தில் நெஞ்சதிர முழங்கும் ஒலி, அதை எழுப்புபவருக்கு விரல் தந்தியில் படும் சொடுக்காக மட்டுமே வந்து சேர்கிறது. அருகில் டிரம்ஸும் தவிலும் முழங்கும்போது அவர் மேலும் ஓங்கி மீட்டுகிறார். (தவில் கலைஞர் வலக்கை விரல்களில் கெட்டியான கூடுகளை மாட்டிக்கொண்டே முழக்குகிறார் என்பது கவனிக்கத்தக்கது, பேஸ் வாசிப்பவருக்கு அத்தகைய கவசம் எதுவுமில்லை.) சிறிய பெருக்கி ஒன்றைத் தரையில் வைக்காமல் நாற்காலியில் ஏற்றிக் காதுக்கு நேராகத் திருப்புவதும், காதுக்குள் பொருத்தும் மானிட்டரைப் பயன்படுத்துவதும், பேஸின் நடு அதிர்வெண் பகுதியைச் சற்று உயர்த்தித் தருமாறு ஒலிப்பொறியாளரைக் கேட்பதும் எந்த விரற்பயிற்சியையும் விடக் கையைக் காக்கும். கைநலத்தை வலக்கையின் ஒழுக்கமாக மட்டும் காணும் பாடநூல்கள், அதில் பாதி ஒலி அமைப்பாளரின் கையில் இருப்பதைக் காணத் தவறுகின்றன.

மற்றொரு காரணி காலம். வாசிக்கும் நேரத்தைத் திடீரென மிகுப்பது காயத்துக்கு முதன்மையான தூண்டுதல் என்பது இசைக்கலைஞர் மருத்துவத்தில் பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. திருவண்ணாமலைப் பகுதியில் மெல்லிசைக் கலைஞரின் ஆண்டு சீரானதன்று. ஆடியில் அம்மன் கோயில் விழாக்கள் இரவுதோறும் அழைக்கின்றன. புரட்டாசி தளர்வாகச் செல்கிறது. ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தங்களோடு தீபத் திருவிழாவும், அதை அடுத்து, டேனிஷ் மிஷன் காலத்திலிருந்து லுத்தரன் திருச்சபை வேரூன்றிய இந்நகரின் தேவாலயங்களில் கிறிஸ்துமஸ் பாடல்களும் தொடர்ந்து வருகின்றன. தளர்ந்த மாதத்தில் கருவியைத் தொடாமலிருந்து பருவம் பிறந்ததும் இரவுக்கு நான்கு மணிநேரம் வாசிப்பதைவிட, இடைக்காலத்தில் நாள்தோறும் சிறிது நேரம் வாசித்துப் பருவத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்பிருந்து நேரத்தைப் படிப்படியாகக் கூட்டுவது தசைநாண்களுக்கு ஏற்றது. தசையைவிடத் தசைநாண் மெல்லவே வலுப்பெறுகிறது.

அமெரிக்க சிம்பொனி இசைக்குழுக்களின் கலைஞர்கள் 2,212 பேரிடம் நடத்தப்பட்டு 1988-இல் வெளியான கணக்கெடுப்பில், வாசிப்பைப் பாதிக்கும் அளவுக்குக் கடுமையான உடற்குறை ஒன்றேனும் இருப்பதாக 76 விழுக்காட்டினர் தெரிவித்தனர். மாதச் சம்பளமும் மருத்துவ வசதியும் உடையோரின் நிலை இது. கூலிக்கு வாசிப்பவர் அறிந்திருக்க வேண்டிய அறிகுறிகள் சிலவே. விரல் நுனியில் கொப்புளமும் எரிச்சலும் தோலைச் சார்ந்தவை, ஓய்ந்தால் ஆறும். முன்கையில் வாசிப்புக்குப் பின் தோன்றி மறுநாள் காலையிலும் நீடிக்கும் வலி, சுமை மிகுந்ததன் அடையாளம்; வாசிக்கும் நேரத்தைக் குறைத்து விசையைத் தணிக்க வேண்டிய கட்டம் அது. கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவை இரவில் மரத்துப்போய் உறக்கம் கலைந்தால் மணிக்கட்டில் நடுநரம்பு நெரிபடுகிறது என்றும், சிறுவிரல் மரத்துப்போனால் முழங்கையருகே செல்லும் நரம்பு அழுந்துகிறது என்றும் ஐயுறலாம். இந்நிலைகளில் தைலம் தடவிக்கொண்டு அடுத்த கச்சேரிக்குச் செல்வது தகாது. எலும்பு மருத்துவரையோ கை மருத்துவரையோ இயன்முறை சிகிச்சையாளரையோ கருவியோடு சென்று காண்பதே முறை, ஏனெனில் வாசிக்கும் நிலையைப் பார்க்காமல் கையை மட்டும் பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது.

இவை அனைத்திலிருந்தும் வேறுபட்டது வலியே இல்லாமல் வரும் ஒரு குறை. நன்கு பழகிய ஒரு விரல், அக்கருவியை வாசிக்கும்போது மட்டும் கட்டுப்பாடின்றிச் சுருண்டுகொள்வதும், அன்றாட வேலைகளில் இயல்பாக இயங்குவதும் இதன் அடையாளம். குவிய டிஸ்டோனியா எனப்படும் இக்குறை தொழில்முறை இசைக்கலைஞர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்கு ஏற்படுகிறது. இதன் இருப்பிடம் கையன்று. விரல்களின் இயக்கத்தை வகுக்கும் மூளைப் பகுதிகளில் ஒவ்வொரு விரலுக்கும் உரிய எல்லைகள் ஒன்றோடொன்று கலந்துவிடுவதாக ஆய்வாளர்கள் விளக்குகின்றனர். பியானோ கலைஞர் லியோன் ஃப்ளைஷர் 1960-களின் நடுவில் இதனால் வலக்கையை இழந்து, பல பத்தாண்டுகள் இடக்கைக்கென எழுதப்பட்ட இசையையே வாசித்து, தசையில் செலுத்தும் மருந்தின் உதவியோடு 1990-களில்தான் இரு கைகளுக்கும் திரும்பினார். கட்டுப்பாடு தவறும் விரலை மேலும் மேலும் பயிற்சியால் அடக்க முனைவதே இதில் பலரும் செய்யும் பிழை. அப்பயிற்சி குறையை ஆழமாக்கும். வேகத்தைப் பெரிதும் குறைத்து, சுருளல் தோன்றாத எல்லைக்குள் மட்டும் மீட்டி, நரம்பியல் மருத்துவரின் கண்காணிப்பில் அவ்விரலுக்கு மீட்டைப் புதிதாகக் கற்பிக்கும் பயிற்சிக்கு மாதங்களும் சிலருக்கு ஆண்டுகளும் தேவைப்படுகின்றன.